சொர்ணாம்பாள் கொடுத்த வெறும் தாள்

“பதினோரு பேர்ல பத்துப் பேரு பாஸ். நீ ஒருத்தி மட்டும் பேரக்கூட எழுதாம வெறும் தாளக் கொடுத்திருக்க. என்னக்கா நெனச்சிக்கிட்டு இருக்க?”

சண்முகசுந்தரிக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. கையிலிருந்த தாளைச் சொர்ணாம்பாளின் பீடித்தட்டின் மேலேயே வைத்தாள்.

சொர்ணாம்பாள் அதைப் பைய எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பீடியைச் சுற்ற ஆரம்பித்தாள்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம், முக்கூடல் பக்கத்தில் ஒரு கிராமம். பீடி சுற்றும் பெண்களுக்குச் சாயங்காலம் ஆறரை மணிக்கு எழுத்தறிவு வகுப்பு. தட்டை மடியில் வைத்துக்கொண்டே படிக்கலாம் என்று சுந்தரி சொன்ன பிறகுதான் கூட்டமே சேர்ந்தது. கை பாட்டுக்கு இலையைச் சுருட்டும், வாய் பாட்டுக்கு ‘அம்மா, ஆடு’ சொல்லும்.

ஒரு வருஷமாகத் தொண்டை வறளக் கத்தியிருக்கிறாள் சுந்தரி. சம்பளம் என்று ஒரு காசு கிடையாது.

ஆனால் ஒன்று உண்டு. பதிவேட்டில் இருக்கிற அத்தனை பேரும் பாஸானால் வகுப்பை முடித்துக்கொள்ளலாம், கலெக்டர் கையால் பாராட்டுப் பத்திரமும் கிடைக்கும். அடுத்த மாதம் அவளுக்குப் பால்வாடி டீச்சர் வேலைக்கு இண்டர்வியூ. இரண்டு வருஷமாக வீட்டில் சும்மா இருக்கிறவள் அந்தப் பத்திரம் ஒன்றைத்தான் மலைபோல நம்பியிருந்தாள்.

அதில்தான் சொர்ணாம்பாள் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாள்.

“பரீட்ச வைக்க வந்த பாக்கியசீலன் சார் என்ன சொல்லிட்டுப் போனாரு தெரியுமா? ஒருத்தி பெயிலானாலும் பத்திரம் கெடயாதாம். இன்னும் மூணு மாசம் வகுப்பு எடுக்கணுமாம்.”

பக்கத்தில் இருந்த வேணிக்கு வாய் சும்மா இருக்குமா?

“ஏ யக்கா, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுத்துத கை. அஞ்சு வரி எழுத வலிக்காக்கும்?”

“வலிக்கத்தான் செய்யுது.”

“ரேஷன் கடையில மட்டும் தராசு முள்ள உத்துப் பாக்கத் தெரியுதே.”

“அது சீனியாச்சே. எழுத்து எனக்கு என்னைக்கு இனிச்சிருக்கு?”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. சுந்தரி சிரிக்கவில்லை.

“சிரிங்க, நல்லாச் சிரிங்க. ஒருத்தி சுணங்குனா எல்லாருக்கும்லா கெட்ட பேரு. தனக்கு மட்டும் பாக்கக் கூடாது, கூட இருக்கவங்களையும் நெனச்சுப் பாக்கணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?”

“நெறயச் சொல்லியிருக்கிய, டீச்சர்.”

“பின்ன என்னக்கா?”

சொர்ணாம்பாள் பீடித் தலையை நகத்தால் மடக்கிவிட்டு அடுத்த இலையை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து, மூச்சு வாங்க உள்ளே வந்தாள் சாரம்மாள். அறுபது வயசு. வகுப்பு தொடங்கின நாள் முதல் வருகிறாள். இன்னும் ‘க’னாவைத் தாண்டவில்லை.

“டீச்சர், வகுப்பு இன்னும் மூணு மாசம் உண்டுன்னு தெருவுல சொல்லுதாவளே, நெசமா?”

“உண்டு பெரியம்மா.”

“ஆண்டவருக்குத் தோத்திரம். கோயில்ல பாட்டு நம்பர் சொல்லுதாவ. பக்கத்துல இருக்கவ புரட்டி, வரியத் தொட்டுக் காட்டுததுக்குள்ள எல்லாரும் ரெண்டாவது சரணத்துக்குப் போயிருதாவ. நான் மட்டும் மொதச் சரணத்துல வாயப் பொளந்துக்கிட்டு நிக்கேன். இந்தக் கிறிஸ்மஸுக்கு நானே வாசிச்சிருவேன்.”

“எந்த வருஷத்துக் கிறிஸ்மஸு பெரியம்மா?” என்றாள் வேணி.

“போடி, வாயாடி.” சாரம்மாள் சிலேட்டைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். “பரீட்ச வேற முடிஞ்சிட்டாமே? எனக்கு யாருமே சொல்லலியே டீச்சர்.”

“ஒங்களுக்கு அடுத்த தடவ வச்சுக்கிடலாம்” என்றாள் சுந்தரி, சாக்பீஸைத் தேடிக்கொண்டே.

அன்றைக்குப் பாடம் ஒழுங்காக ஓடவில்லை. சீக்கிரமே முடித்துவிட்டாள். பெண்கள் தட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பேச்சும் சிரிப்புமாகக் கலைந்தார்கள். சொர்ணாம்பாள் மட்டும் எல்லாரும் சிந்திப் போட்ட இலைத் துணுக்கைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

குனிந்து கூட்டுகிறவளைப் பார்க்கச் சுந்தரிக்கு மனசு கேட்கவில்லை. அத்தனை பேர் முன்னால் வைதிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

“யக்கா, ஆத்தாமையில வஞ்சிட்டேன். மனசுல வச்சுக்கிடாத.”

“அதுக்கென்ன டீச்சர்.”

“ஆனா ஒண்ணு கேக்கேன். ஒரு வருஷம் வந்திருக்க. ஒரு வரிகூடவா ஒனக்கு வாசிக்க வரல?”

சொர்ணாம்பாள் நிமிர்ந்தாள். வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். தெருமுனையில் சாரம்மாள் சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். காதுக்கு எட்டுகிற தூரத்தில் வேறு யாரும் இல்லை. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“பரீட்சைக்கு மொத நா, பதிவேட்ட எடுத்து உள்ள வைக்கச் சொன்னியள்லா டீச்சர். அதுல சாரம்மாக்கா பேர அடிச்சிட்டு, ‘ஊரை விட்டுப் போய்விட்டார்’னு எழுதியிருந்தியளே, அத வாசிச்ச அன்னைக்குத்தான் பெயிலாயிரணும்னு முடிவு பண்ணுனேன்.”