அரை மில்லிமீட்டர்

"மேடம், அந்தத் தச்சரை மூணாவது தடவையா ஃபெயில் போட்டிருக்கீங்க."

இயக்குநர் மதிப்பெண் தாளை மேஜைமேல் தள்ளினார். பயிற்சி மேற்பார்வையாளர் அதைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"ஜன்னல் சட்டத்துல இணைப்பு சரியா உட்காரலை சார். அரை மில்லிமீட்டர் இடைவெளி."

"அரை மில்லிமீட்டரா! அதுல எறும்பு கூட நுழையாது."

"மழைத்தண்ணி நுழையும்."

பக்கத்தில் நின்ற உதவியாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நகரப் புதுப்பிப்பு விருதுக்கான விண்ணப்பத்தை எழுதியவர் அவர்தான். ஐந்து மாத வேலை, நூற்று நாற்பது பக்கம். பாழடைந்து கிடந்த ஏழு தெருக்களைப் புதுப்பித்ததைப் பற்றி ஒரு பகுதி. இடிக்க நாள் குறித்திருந்த பன்னிரண்டு பழைய கட்டடங்களைக் காப்பாற்றியதைப் பற்றி இன்னொன்று. கடைசிப் பகுதி பணியாளர் பயிற்சி. அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றது. பயிற்சி எடுத்த அத்தனை பேரும் தேறியிருந்தால்தான் முதல் விருதாம். நாற்பத்து நான்கு பேரில் நாற்பத்து மூன்று பேர் தேறிவிட்டார்கள்.

"அஞ்சு மணிக்குள்ள அனுப்பியாகணும் மேடம்," என்றார் உதவியாளர். "ஒரே ஒரு கையெழுத்து."

"தெரியும்."

"அடுத்த மாசம் ரிட்டயர் ஆகப்போறீங்க. முப்பது வருஷம் தூசியில நின்னதுக்கு உங்க பேரும் நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சா நல்லாத்தான் இருக்கும்."

"அப்புறம் என்ன?"

"ஃபெயில்னா ஃபெயில்தான்."

மேற்பார்வையாளர் நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்து வெளியே போய்விட்டார்.

"சும்மாவா ரசமட்டம்னு பேர் வெச்சாங்க?" என்றார் இயக்குநர். சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கிற கருவியின் பெயரைத்தான் பணியாளர்கள் மேற்பார்வையாளருக்கு வைத்திருந்தார்கள். "இம்மி அசையாது. நீங்க நாற்பத்து மூணுன்னே போட்டு அனுப்புங்க. தலையெழுத்து."

முடிவு மூன்று வாரத்தில் வந்தது. முதல் விருது வேறொரு நகரத்துக்கு. இவர்களுக்கு ஒரு பாராட்டுக் கடிதம்.

அதை எல்லோரையும் கூட்டிவைத்துப் படித்தார் இயக்குநர். படித்து முடித்ததும், "வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைச்சாச்சு," என்றார்.

யாரும் மேற்பார்வையாளர் பக்கம் திரும்பவில்லை. அவரோடு பேசவும் இல்லை. அவர் தன் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

உதவியாளருக்கு ஆறவில்லை. நேரே பழைய நூலகத்துக்குப் போனார். மாடியில் தச்சர் தனியாக ஒரு ஜன்னலைப் பொருத்திக்கொண்டிருந்தார். அதன் கதவைச் சாத்தினார். சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது.

உதவியாளர் கிட்டே போய் இணைப்பை நகத்தால் தடவினார். ஒரு மரம் எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று நகத்துக்குப் பிடிபடவில்லை.

"அண்ணே, இது யார் செஞ்சது?"

"நான்தான் சார்."

"பரீட்சைக்கும் இப்படித்தான் செஞ்சீங்களா?"

"கை ஒண்ணுதானே சார்."

"இதையா ஃபெயில் போட்டாங்க? தலைமை அலுவலகத்துக்கு ஒரு மனு கொடுங்கண்ணே. நானே எழுதித் தர்றேன். வேற ஆள் வந்து மறுபடி பரீட்சை வைக்கட்டும். உங்க வாழ்க்கையிலயும் மண்ணு, எங்க உழைப்புலயும் மண்ணு. என்ன பொம்பளை அவங்க!"

தச்சர் உளியைக் கீழே வைத்தார்.

"ஐயோ, அந்தக் காரியம் மட்டும் பண்ணிடாதீங்க சார்."

"ஏன் பயப்படுறீங்க?"

"பாஸ் ஆனவங்களை எங்க அனுப்புறாங்க சார்?"

"வெளியூர் வேலைக்கு. மூணு வருஷம்."

"போக மாட்டேன்னா?"

"வேலை போயிடும்."

"என் சம்சாரத்துக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். அவளைத் தூக்கி வண்டியில உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போக என்னை விட்டா நாதி இல்லை."

உதவியாளர் ஜன்னலிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "மேடத்துகிட்ட சொன்னீங்களா?" என்றார்.

"வாயே திறக்கலை சார். முதல் பரீட்சைக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரி வாசல்ல எங்க ரெண்டு பேரையும் பார்த்தாங்க. எவ்வளவு நாளா இப்படின்னு அவகிட்டயே கேட்டாங்க, போயிட்டாங்க. மறுநாள் என் ஜன்னல்கிட்ட வந்து நின்னாங்க. அளவுகோலைப் பையில இருந்து எடுக்கவே இல்லை. 'அரை மில்லிமீட்டர்'னு எழுதிட்டு அடுத்த ஆள்கிட்ட நகர்ந்துட்டாங்க."

உதவியாளர் அங்கிருந்த மரக்கட்டை மேல் உட்கார்ந்தார். காலையில் கூட்டத்தில் மற்றவர்களோடு சேர்ந்து தானும் முகத்தைத் திருப்பிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

"இன்னும் கொஞ்ச நாள்ல அவங்க போயிடுவாங்க," என்றார் தச்சர். "அந்த இடத்துக்கு உங்களைத்தான் போடுறாங்கன்னு பேசிக்கிறாங்க. நிஜமா சார்?"

"ஆமாம்."

தச்சர் கையிலிருந்த மரத்தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கேட்கலாமா, வேண்டாமா என்று தயங்கினார். பிறகு கேட்டே விட்டார்.

"என்னை ஃபெயில் பண்ணிடுவீங்கல்ல சார்?"