பின்னணி ஒலி

“இன்னும் கொஞ்சம் முறுக்குங்க. உயிர் போற மாதிரியே இல்லை” என்றார் இயக்குநர்.

ஒலிப்பதிவாளர் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. மைக்கின் முன்னால் அவர் பிடித்திருந்தது ஒரு பழைய தோல் பை. உள்ளே வேர்க்கடலைத் தோடு.

“அப்பாடா, ஒருவழியா செத்தா” என்றான் இயக்குநரின் மச்சான். படத்தின் கதாசிரியன் அவன்தான்.

ஒலிப்பதிவாளருக்குப் பாம்புச்செவி என்று பட்டப்பெயர். பக்கத்து அறையில் யாராவது செருப்பைக் கழற்றினால், இடது காலா வலது காலா என்று சொல்லிவிடுவார்.

நான்கு பெண்களைக் கொன்றுவிட்டு இன்னும் பிடிபடாத ஒருவனை, வேலைவெட்டி இல்லாத சிலர் தேடிக் கிளம்புவதுதான் படம். கொலைகள் நிஜமாக நடந்தவை. படம் எடுத்தாயிற்று, முடிவு மட்டும் இல்லை. போலீசுக்கே கிடைக்காத முடிவுக்குக் கதாசிரியன் எங்கே போவான்? கடைசியில் மாமனும் மச்சானும் தாங்களே துப்பறியக் கிளம்பிவிட்டார்கள்.

“முதல் மூணு வீட்டுலயும் கதவை உடைச்சிருக்கான். நாலாவது வீட்டுல மட்டும் அந்தப் பொண்ணே திறந்துவிட்டிருக்கு. ஒதுக்குப்புறமான வீடு, இருட்டற நேரம். புருஷனைத் தவிர வேற யாருக்குத் திறக்கும்? அவன்தான் கொன்னுட்டுப் பழியை மத்தவன் மேல போட்டுட்டான் மாமா.”

அந்தப் புருஷனை இன்று மதியம் ஸ்டூடியோவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். காட்சியைப் பார்த்துச் சம்மதம் சொல்லவேண்டும் என்பது சாக்கு. பார்க்கும்போது அவன் முகம் மாறினால், படத்தின் கொலைகாரன் அவன்தான். முகத்தைச் செல்போனில் பிடிக்கவேண்டியது மச்சானின் பொறுப்பு.

புருஷன் வருவதற்குள் காட்சியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்கள். திரையில் ஒரு விரல் அழைப்பு மணியை அழுத்தியது. ஒரு குருவி இரண்டு முறை கீச்சிட்டு, மூன்றாவதைப் பாதியில் விழுங்கியது.

“என்ன பெல்லுய்யா இது? குருவிக்குத் தொண்டை கட்டிடுச்சா? சாதாரணமா டிங்டாங்னு போடுய்யா” என்றார் இயக்குநர்.

“அது பொய்யா இருக்கும் சார். இந்த வீட்டுக்கு இதுதான்.”

“போலீஸ் போட்டோல பெல்லே கிடையாது. ரெண்டு ஒயர்தான் தொங்குது. உங்களுக்கு மட்டும் எங்கேர்ந்து குருவி வந்துச்சு?” என்றான் மச்சான்.

“கற்பனைதான். அது உங்களுக்கு மட்டும்தான் வரணுமா?”

இயக்குநர் சிரித்துவிட்டார். குருவி பிழைத்தது.

புருஷன் வந்தான். முப்பது வயது இருக்கும். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அதன் வாரை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினான்.

விளக்கு அணைந்தது. திரையில் ஒரு பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது.

ஹெல்மெட் தரையில் விழுந்து உருண்டது. அவன் குனிந்து எடுக்கவில்லை. மச்சான் செல்போனுக்குப் பின்னாலிருந்து இயக்குநரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

கழுத்து முறிந்த சத்தத்துக்கு அவன் அசையவே இல்லை.

“திரும்பப் போடுங்க” என்றான்.

“எங்கேர்ந்து?”

“பெல்லுலேர்ந்து.”

போட்டார்கள். இந்த முறை அவன் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

விளக்கைப் போட்டதும் இயக்குநர் அவன் எதிரே வந்து நின்றார். “கொலைக்கு அசையலை. கதவுகிட்ட வரும்போதுதான் ஆடிப்போயிட்டீங்க. ஏன் சார்? அன்னிக்கு உங்க மனைவி யாருக்குக் கதவைத் திறந்தாங்க?”

“எனக்குத்தான்” என்றான் அவன்.

“கேட்டியா மாமா!” மச்சான் எழுந்தே விட்டான்.

“நான்னு நினைச்சுத் திறந்திருக்கா. அன்னிக்குக் காலையிலதான் பெல் வாங்கிட்டு வந்து மாட்டினேன். ரெண்டு தடவை ஒழுங்கா கத்திட்டு மூணாவதுல மக்கர் பண்ணிச்சு. நாளைக்குக் குடுத்துட்டு வேற வாங்கலாம்னேன். பாவம், இருந்துட்டுப் போகட்டும்னா. சாயங்காலம் வந்து அடிங்க, எந்த ரூம்ல இருந்தாலும் ஓடி வந்து திறக்கறேன்னா.”

மச்சான் செல்போனைத் தாழ்த்தினான்.

“வந்தேன். அடிச்சேன். வராம விளையாடறான்னு நினைச்சு அடிச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம்தான் கதவு சும்மா சாத்தியிருக்கறதைப் பாத்தேன். உள்ளே போயிட்டு வந்து, முதல் வேலையா அந்த பெல்லைப் பிச்சுக் காவாயில வீசினேன். போலீஸ் வந்ததே அதுக்கப்புறம்தான். அது எப்படிக் கத்தும்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்லை.”

“அதனால?” என்றார் இயக்குநர். குரல் இறங்கியிருந்தது.

மூலையில் பாம்புச்செவி காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி, சத்தமே வராமல் மேசைமேல் வைத்தார்.

வந்ததிலிருந்து முதல் முறையாக அந்தப் புருஷன் அவர் பக்கம் திரும்பினான்.

“அந்த பெல்லை அடிச்சது ரெண்டே பேர்தான் சார். அதுல ஒருத்தன் நான்.”