முதலைக்குட்டிக்குப் பேசியவள்

அவள் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். வலிக்கிறதாம்.

உண்மையில் வலிக்கவில்லை.

பெரிய டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற மாணவர்களைப் பார்த்தார். தைராய்டு கட்டியை எடுக்கும்போது குரல் நரம்பைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய கலை, அதில் தான் எவ்வளவு பெரிய கலைஞர் என்று அவள் கழுத்தைச் சுட்டிச் சுட்டிச் சொன்னார். போகிற போக்கில் அவளுக்கும் ஒரு வார்த்தை.

“பேசிப் பாருங்கம்மா. அநேகமா வந்துரும்.”

அநேகமா.

ஆபரேஷன் முடிந்த அன்றும் இதையேதான் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. பேசிப் பார்க்காதவரை குரல் போகவில்லை. காபி வேண்டும், ஃபேனைக் குறை, எல்லாம் சிலேட்டில்தான்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். காது ஆபரேஷன். நைட்டியிலும் விறைப்பு குறையவில்லை. பழம் கொண்டுவந்த கான்ஸ்டபிள், சல்யூட் அடித்துவிட்டுத்தான் ஆரஞ்சை வைத்தார்.

இன்ஸ்பெக்டர் ரிமோட்டை அழுத்திக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

பழைய கார்ட்டூன். தண்ணீருக்குப் பயந்த முதலைக்குட்டி, டும்மு.

தமிழில் டும்முவுக்குப் பேசியவள் இவள்தான். திரையில் இவள் பேர் போட்டதில்லை. விளம்பரம் கொடுத்த பற்பசைக் கம்பெனியின் பேரைப் போட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் சம்மணம் போட்டுத் தலையணையைக் கட்டிக்கொண்டார்.

“ஸ்கூல் விட்டதும் ஓடி வருவேன்க்கா இதுக்கு. வீட்ல அப்பா குடிச்சிட்டுக் கத்துவாரு. நான் சவுண்டைக் கூட்டி வெச்சிக்குவேன். இவன் பேசினா வேற ஒண்ணும் காதுல விழாது.”

அவள் தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பயந்த குட்டிக்குக் கொஞ்சமும் பயமில்லாத குரல்.

அண்ணன் முதலைகள் ஆற்றில் குதித்துவிட்டன. டும்மு மட்டும் கரையில். அம்மா முதலை கூப்பிடுகிறது.

கரண்ட் போயிற்று.

ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் உண்டு. டிவிக்குக் கிடையாது.

“சே. இப்ப ஒண்ணு சொல்லுவான்க்கா. அதைச் சொல்லிட்டுத்தான் குதிப்பான்.” இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தட்டிக்கொண்டார். “நாக்குலயே நிக்குது, வர மாட்டேங்குது. நீங்க பார்த்திருக்கீங்களா?”

அவள் சிலேட்டை எடுத்தாள். பல்பத்தை வைத்தாள்.

ஓர் எழுத்தோடு நிறுத்திவிட்டாள். எழுதினால் அது டும்மு சொன்னதாக இருக்காது.

அழித்தாள்.

முதுகை நிமிர்த்தினாள், மைக் முன்னால் உட்காருவதுபோல. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

இன்ஸ்பெக்டர் கட்டிலின் இந்த ஓரத்துக்கு நகர்ந்து வந்தார்.