பக்கத்து வீட்டு அலறல்

விளக்கை அணைத்த கொஞ்ச நேரத்தில் அந்த அலறல் கேட்டது.

முதலில் மூக்கால் ஒரு முனகல். அது மேலே ஏறி, உடைந்து, நீளமாய் ஒரு கத்தல்.

அம்மா பதறிப்போய் மகளின் வாயைப் பொத்தினாள். மகள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"என்னங்க, அப்படியே நம்ம குட்டி மாதிரி இருக்கு," என்று கணவனை உலுக்கினாள்.

"பக்கத்து வீட்டு டப்பிங் அக்காவா இருக்கும். அவங்கதானே அந்த சீரியல் பொண்ணுக்குக் குரல் குடுக்கறாங்க. ப்ராக்டிஸ் பண்றாங்க போல. தூங்கு."

எங்கே தூங்குவது?

அந்த சீரியலைப் பார்க்காத வீடே அந்த அபார்ட்மெண்டில் கிடையாது. அதில் வரும் சிறுமிக்கு ஆட்டிசம். தலை கலையாமல் உட்கார்ந்து, எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமை சொல்வாள். போலீஸுக்கே திருடனைக் கண்டுபிடித்துக் கொடுப்பாள். அதைப் பார்த்துவிட்டு வந்து லிஃப்டில் கேட்பார்கள்.

"உங்க குட்டிக்கு என்னம்மா வரும்? கணக்கா, பாட்டா?"

'அழுகை வரும்' என்று சொல்ல நினைப்பாள். சிரித்து வைப்பாள்.

குட்டிக்கு ஆறு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. மிக்ஸியோ, டிரில்லிங் மெஷினோ, எது சத்தம் போட்டாலும் தாங்க மாட்டாள். காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். அதனாலேயே இரண்டு வீடு மாறியாகிவிட்டது. இந்த ஹவுஸ் ஓனரும் போன வாரம் வாசலில் நின்று சத்தமாகவே சொல்லிவிட்டார். "இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்தா, தப்பா நினைக்காதீங்க, வேற இடம் பாத்துக்கங்க."

அந்த நேரம் பார்த்து இந்த அக்காவுக்கு இப்படி ஒரு ப்ராக்டிஸ்.

அடுத்தடுத்த நாட்களிலும் அலறல் கேட்டது.

"நல்லவேளை, குட்டி தூங்கும்போதுதான் கத்தறாங்க," என்றான் கணவன்.

"உங்களுக்குப் புரியலை. யார் கத்தினாலும் கடைசில நம்ம குட்டி தலையிலதான் விடியும்."

ஒரு சாயங்காலம் குட்டியோடு கீழே இறங்கி, கேட் அருகே மற்ற பெண்களுடன் நின்றிருந்தாள். அவர்கள் குடியிருந்த மூன்றாம் மாடியிலிருந்து அதே அலறல்.

எல்லோரும் குட்டியைப் பார்த்தார்கள். குட்டி தன் விரல்களை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட, டப்பிங் அக்கா!" என்றாள் ஒருத்தி. "அச்சு அசல் இவளேதான் போ!"

சிரித்தார்கள். அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. மேலே வந்தாள். நேராக அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஏன்க்கா, உலகத்துல வேற குழந்தையே கிடைக்கலையா உங்களுக்கு? என் பொண்ணு படற அவஸ்தையைக் காப்பியடிச்சுத்தான் சம்பாதிக்கணுமா?"

தொண்டைக்கு இதமாக வெந்நீர் குடித்துக்கொண்டிருந்த அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சரியா வந்துச்சா? கடைசில ஒரு இழுப்பு இழுப்பா பாரு, அதுதான் எனக்குப் பிடிபட மாட்டேங்குது."

"வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"இன்னும் கொஞ்சம் மூக்கால எடுக்கணுமோ?"

அதற்கு மேல் நின்றால் அழுதுவிடுவோம் என்று அம்மா திரும்பி நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. மேல் வீட்டில் சுவரைத் துளைக்க ஆரம்பித்தார்கள். குட்டி துடித்துப்போனாள். கத்தினாள். கட்டிப்பிடித்தும் அடங்கவில்லை, பாட்டுப் போட்டும் அடங்கவில்லை. மெஷின் நின்ற பிறகுதான் ஓய்ந்தாள்.

அவள் ஓய்ந்ததும் காலிங் பெல்.

அபார்ட்மெண்ட் செக்ரட்டரி. அவருக்குப் பின்னால் ஹவுஸ் ஓனர்.

"எத்தனை நாள்தாம்மா பொறுத்துக்கறது? ராத்திரி பகல்னு இல்லாம ஒரே அலறல். நாலு பேர் குடியிருக்கற இடம் இல்லையா?"

'காலி பண்ணிடறோம் சார்' என்று சொல்ல அம்மா வாயெடுத்தாள்.

பக்கத்துக் கதவு திறந்தது.

"சாரி சார், நான்தான்! என் பொழப்பு அப்படி," என்ற டப்பிங் அக்கா, அங்கேயே நின்று ஒரு தரம் அலறிக் காட்டினாள்.

செக்ரட்டரி இரண்டடி பின்வாங்கினார். அடுத்த நிமிடம் முகமெல்லாம் பல்.

"அட, நம்ம சீரியல் பொண்ணுக்கா? உடம்பே சிலிர்த்துடுச்சும்மா! என் வீட்டுக்காரி கேட்டா தேம்பித் தேம்பி அழுவா."

"தொந்தரவுன்னா நிறுத்திடறேன் சார்."

"சேச்சே! கலைக்கு யாராவது தடை போடுவாங்களா? நீங்க தாராளமா கத்துங்க."

ஹவுஸ் ஓனர் அம்மாவைப் பார்த்து அசடு வழிந்தார். "நாங்கதான் தப்பா நினைச்சுட்டோம்மா."

லிஃப்ட் அவர்களை ஏற்றிக்கொண்டு இறங்கியது.

"அப்ப, டிவில போட்டு ஊரையே அழ வைக்கப் போறீங்க," என்றாள் அம்மா, கோபம் ஆறாமல். "என்னைக்கு வருது அந்த சீன்?"

"எந்த சீன்? அந்தப் பொண்ணு கத்தவே கூடாதுன்னு சேனல்ல கண்டிஷன். கத்தினா ஜனங்க ரிமோட்டைத் தேடுவாங்களாம்."

அம்மா அவளையே பார்த்தாள்.

"அப்புறம்... தினம் தினம் எதுக்குக்கா கத்தினீங்க?"

மேல் வீட்டில் மறுபடியும் மெஷின் ஓடத் தொடங்கியது. உள்ளே குட்டி அலறினாள்.

"போ, போய்ப் புள்ளையைப் பாரு," என்றாள் அக்கா, தன் வாசலை விட்டு நகராமல். "அவ ஆசை தீரக் கத்தட்டும். எவன் வந்தாலும், கத்தினது நான்தான்."

குட்டியின் வாயைப் பொத்தும் பதற்றமே இல்லாமல், அன்றைக்குத்தான் முதல் முறையாக அம்மா உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.