கோடு விழுந்த இடம்

அழைப்பு மையத்தில் பன்னிரண்டு பேரும் வேலை வேகத்தின்படி சுவரோரம் வரிசையாக நின்றார்கள். மேலாளர் சாக்பீஸால் தரையில் மூன்று கோடுகள் போட்டு வரிசையை நாலு சம பங்காக்கினார். கடைசிப் பங்குக்கு இன்றோடு வேலை போய்விடும். கடைசிக் கோட்டுக்குச் சற்று முன்னால் நின்ற ரோஸ்லினை, "தப்பிச்சிட்டேடி!" என்று தோழி கிள்ளினாள்.

கடைசியில் நின்ற பத்மாவதி, "நீங்க என்ன அனுப்புறது? நானே போறேன்" என்று அடையாள அட்டையை வீசிவிட்டு வெளியேறினாள். ரோஸ்லின்தான் பலமாகக் கைதட்டினாள்.

மேலாளர் ஷூவால் கோடுகளை அழித்தார். "பதினோரு பேர் சமமாப் பிரியாது." குனிந்து அளந்து வந்தவர் ரோஸ்லினிடம் நின்றார். "கோடு உங்க மேலேயே விழுதும்மா."

"அப்போ நான் உள்ளேயா சார், வெளியேயா?"

"காலைக் கொஞ்சம் விலக்கி நில்லுங்க."

விலக்கினாள். இரண்டு செருப்புகளுக்கும் நடுவே சாக்பீஸ் கிறீச்சிட்டுக்கொண்டு போனது.