இது நீங்கள்தானா

கடைக் கணினியில் இருந்த மெயில் மென்பொருள் காலையிலிருந்து ஒரே வரியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது: உள்நுழைவு மறுக்கப்பட்டது. பழுது பார்க்க வந்த பெனாசிர், ரப்பர் தூசி படிந்த கீபோர்டில் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பினாள்.

"பாஸ்வேர்டு சரிதான் சார். நாம உள்ள போகப் பாக்கிறப்பல்லாம் ஒரு போனுக்கு 'இது நீங்கள்தானா'ன்னு கேள்வி போகுது. அங்க யாரோ 'இல்லை'ன்னு அழுத்திடுறாங்க. நாற்பத்தேழுல முடியிற நம்பர். யாரோடது?"

டயர்க் கடைக்காரர் சூசைமாணிக்கம் குனிந்து திரையில் இருந்த அந்த இரண்டு இலக்கங்களைப் பார்த்தார். கடையின் மெயில் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவள் மகள். அப்போது தன் எண்ணையே கொடுத்திருந்தாள். பிடித்தவனோடு அவள் வீட்டைவிட்டுப் போன பிறகு அந்த எண்ணிலிருந்து அவருக்கு ஓர் அழைப்பும் வந்ததில்லை. அவரும் அழைத்ததில்லை.

"பாப்பாவோடது" என்றார்.

"பரவால்ல சார். பிரவுசர்ல கணக்கு திறந்தேதான் இருக்கு. அந்த நம்பரை எடுத்துட்டு உங்க நம்பரைப் போட்டுடலாம். அப்புறம் அங்க கேள்வியே போகாது."

"வேண்டாம்மா. இன்னொரு தடவை போடு."

போட்டாள். மறுக்கப்பட்டது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை."

இந்த முறை மறுப்பு வரவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நெட் நின்றுவிட்டதோ என்று பெனாசிர் மௌஸை நகர்த்தப் போனாள். சூசைமாணிக்கம் கையை நீட்டித் தடுத்தார்.

"இரும்மா" என்றார். "யோசிக்கிறா."