வாசிக்கக் கூடாத பெயர்

“போன வருசமே வர்றேன்னு சொன்னுச்சு. இந்தத் தடவையாவது அண்ணன் வருதா, இல்ல டிமிக்கிதானா பெரியப்பா?” மெழுகுவத்திக் கட்டுகளைக் கூடையில் அடுக்கியபடியே ஜெசி கேட்டாள்.

“கிறிஸ்துமஸுக்கு வாரேன்னு சொல்லியிருக்கான்த்தா. நேத்துக்கூடப் பேசுனான்” என்றார் அமிர்தராஜ்.

தேவாலய அலுவலக மேசையில் எழுதிக்கொண்டிருந்த, பாதருக்குத் துணையான உபதேசியார் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார்.

“மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாக, உலகம் பூரா சுத்துற அண்ணன்னு பீத்திக்கிறியே, நம்ம கல்யாணத்துக்குப் படம் எடுப்பாரான்னு. அண்ணன் குண்டு விழுகுற ஊருக்குத்தான் போகும்னு சொல்லிட்டேன்.” அவளே சிரித்துக்கொண்டாள். “எங்க மாமியா வாயத் தெறந்தாப் போதும், குண்டுதான்னு அதுகிட்டச் சொல்லுங்க. ஓடி வந்துரும்.”

அமிர்தராஜும் சிரித்தார். கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஜெசி கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினாள்.

அவள் தலை மறைந்ததும் அவர் பங்கு அலுவலகக் கதவைச் சாத்தினார். முகத்தில் இருந்த சிரிப்பைக் காணவில்லை.

“உபதேசியாரே, நாளைக்கு வாசிக்கிற பேரெல்லாம் எழுதியாச்சா?”

நாளை கல்லறைத் திருநாள். அந்த ஒரு வருஷத்தில் இறந்துபோன ஊர்க்காரர்களின் பெயர்களைக் கல்லறைத் தோட்டத்தில் பாதர் வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டார் எழுந்து ஒரு மெழுகுவத்தி ஏற்றுவார்கள்.

“ஆச்சுண்ணே.”

“அதுல எம்மகன் பேரு இருந்தா எடுத்திருங்க. பாதருக்கு மட்டும்தான் சொன்னேன். அவரு டைரியப் பாத்து ஒங்களுக்குப் பேரு சொல்லயில அதுவும் வந்திருக்கும்.” அமிர்தராஜ் சாத்திய கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். “அவன் அம்மா ஞானசெல்விக்கு இன்னும் தெரியாது.”

ஓடைப்பட்டிப் பக்கத்தில் திராட்சை போடுகிற குடும்பத்துப் பிள்ளை சகாய பிரவீன். வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பவர்களையும், கம்பம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு நிற்கும் வரிசையையும் படம் எடுத்துப் பழகியவன். அந்தக் கேமராதான் அவனைச் சென்னைப் பத்திரிகைக்கும், அங்கிருந்து சண்டை நடக்கிற தேசங்களுக்கும் கூட்டிப் போனது.

“சண்டை போடுறவனப் படம் எடுக்க ஆயிரம் பேரு இருக்கான்ப்பா. அதுக்கு நடுவுல மண்டி போடுறவனத்தான் நான் எடுக்கேன்” என்பான். கூரை போன தேவாலயத்தில் குடை பிடித்துக்கொண்டு நடந்த பூசை, மணல் மூட்டைக்குப் பின்னால் விளக்கேற்றும் பிக்கு என்று அவன் எடுத்த படங்கள் பல நாட்டுப் பத்திரிகைகளில் வந்தன.

‘போகாதய்யா’ என்று ஞானசெல்வி அழுதபோது, ‘போகட்டும் விடு, அவன் வேலையப் பாக்கட்டும்’ என்று அதட்டியவர் அமிர்தராஜ்தான்.

நாலு மாதத்துக்கு முன்னால், திராட்சைப் பந்தலுக்குள் மருந்தடித்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் போன் வந்தது. இடிந்த பள்ளிவாசல் முற்றத்தில் தொழுகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே குண்டு விழுந்துவிட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

அவன் எடுத்த கடைசிப் படத்தை உடன் வேலை பார்த்த நண்பன் அனுப்பினான். வரிசையாகக் குனிந்த முதுகுகள், ஓரத்தில் கழற்றிப் போட்ட செருப்புகள். அதில் வார் அறுந்த ஒரு ஜோடி பிரவீனுடையது என்று நண்பன் எழுதியிருந்தான். அமிர்தராஜ் அதைப் போனிலிருந்து அழிக்கவே இல்லை. அழிக்க மனம் வரவில்லை.

“நாலு மாசமா எப்படிண்ணே மறைச்சீக?” என்றார் உபதேசியார்.

“ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பந்தலுக்குள்ள போயி, வெறும் போனக் காதுல வச்சுக்கிட்டுச் சத்தமாப் பேசுவேன். சாப்ட்டியாப்பா, அங்கன குளிரா இருக்காம்பேன்.”

“அவுக போனக் கேக்க மாட்டாகளா?”

“முன்னெல்லாம் பிடுங்கிக்கிருவா. இப்ப ‘நீங்களே பேசுங்க, அடுப்புல வேல கெடக்கு’ன்னு உள்ள போயிர்றா. ஆண்டவர் புண்ணியத்துல தப்பிச்சுக்கிட்டு இருக்கேன்.” துண்டால் கண்களை அழுத்தித் துடைத்தார். “நாளைக்கு அவ எம்பக்கத்துலதான் நிப்பா. அந்தப் பேரு காதுல விழுந்தா அங்கனயே சாஞ்சிருவா உபதேசியாரே. மகனத்தான் காப்பாத்த முடியல. இவளையாவது...”

உபதேசியார் காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

பதினோரு பெயர்கள். ஏழாவது பெயரை யாரோ அடித்திருந்தார்கள். ஒருமுறை அல்ல, பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்குத் திரும்பத் திரும்ப. கிழிசலின் ஓரத்தில் ‘பிரவீ’ என்பது மட்டும் மிச்சம் இருந்தது.

அமிர்தராஜ் அதை விரலால் தடவினார். நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

“நான் வாரதுக்கு முன்னாடியே அடிச்சிட்டீக. நீங்க நல்லாருக்கணும்.”

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார். அவரால் அமிர்தராஜின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“நான் அடிக்கலண்ணே. நேத்து ஒங்க வீட்டம்மா வந்து, ‘எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவுகளுக்கு இன்னும் தெரியாது’ன்னு சொல்லி அடிச்சிட்டுப் போனாக.”